பத்தில் சைபர்

குறுக்குத்துறையில்
தண்ணீர் தொடும் கடைசிப் படியில் உட்கார்ந்து
நூல் கட்டிய வெப்பமானியை இறக்குகிறேன்.
காலை ஆறரை. கப்பலாக இருந்தால்
ஒலிபெருக்கி ஒருமுறை இருமிவிட்டுச் சொல்லும்:
வெளியே மைனஸ் நான்கு, காற்று தென்மேற்கு,
ஓட்ஸ் கஞ்சி ஏழு மணிக்கு.

வந்து பதினேழு நாள் ஆகிறது.
தரை இன்னும் லேசாக ஆடுகிறது.
வண்ணார்பேட்டை பஸ்ஸில்
டிரைவர் ஏறும் முன்பே கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

மேஜைகளில் ஈரத்துணி விரித்திருப்பார்கள்,
தட்டு நழுவாமலிருக்க.
தட்டு நழுவவில்லை, சாப்பிட்டதுதான் தங்கவில்லை,
முதல் இரண்டு நாள், நாற்பத்தோரு பேருக்கும்.
என் அறையில் நோமின், கடலே இல்லாத நாட்டுக்காரி.
"உங்க ஊர்ல கடல் பக்கமா?" என்றாள் வாளிக்குள் பார்த்தபடி.
உவரி ஒன்றரை மணி நேரம்,
காலேஜ் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன் என்றேன்.
அதற்குப் பிறகு
ஒருத்திக்கு ஒருத்தி வாளி பிடித்தோம்.

இரவு வரவே இல்லை.
பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலரை வெளிச்சம்.
திரையை இழுத்து
இருட்டை நாங்களே தயாரித்துத் தூங்கினோம்.
எழுந்தால் வலை இறக்கணும், உப்பு அளக்கணும்,
செவ்வாய் வெள்ளி பாத்திரம் கழுவணும்.
கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று எண்ணணும்.

கரையிறங்கும் முந்தின நாள் சட்டை சோதனை.
பை, மடிப்பு, ஷூ நாடா,
எல்லாவற்றையும் வாக்குவம் போட்டு உறிஞ்சணும்.
மண் கூடாது. விதை கூடாது.
என் காலுறை மடிப்பில் ஒரு ஒட்டுப்புல்.
இடுக்கியால் பிடுங்கி விளக்கில் பிடித்தாள் சோல்வேய்,
எங்கள் குழு அதிகாரி.
ரெட்டியார்பட்டி மலைச்சரிவு, பஸ்ஸுக்கு ஓடிய ஏதோ ஒரு நாள்.
டிக்கெட் எடுக்காமல் மூன்று விமானம் ஏறியிருக்கிறது.
திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன்.
கிடையாது. பொட்டலம், முத்திரை, எரிப்பு.
பெயர் என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றது.
நான் வாங்கி, தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்,
சொந்தக்காரப் பையனை
ஸ்டேஷனில் அடையாளம் காட்டுவதுபோல.

எல்லோரும் பென்குவினைத்தான் கேட்கிறார்கள்.
உவரிக் கருவாட்டுக் களத்து வாடை என்றதும்
அடுத்த கேள்வி வருவதில்லை.

"ஐஸ் பாக்கவா அம்புட்டு தூரம் போன?
பேட்டைல கம்பெனி கெடக்குல்லா" என்றார் சித்தப்பா.
போய்ப் பார்த்தேன்.
அங்கே கடலில் மிதந்த துண்டொன்றைத்
தண்ணீர்க் குவளையில் போட்டால்
தாளிக்கும் கடுகாய் வெடிக்கும்.
உள்ளே அடைபட்ட பழைய காற்று,
யாரும் மூச்சு விட்டிராத வருஷங்களுடையது.
பேட்டைக் கட்டியைக் காதில் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
அதற்குள் இருந்தது போன வியாழக்கிழமை.
உமி ஒட்டிய காதோடு வீடு வந்தேன்.

நோமின் நேற்று எழுதியிருந்தாள்:
எங்கள் ஊர் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது,
துளையிட்டு அளந்தேன், உன் ஆறு எப்படி?

நூலை இழுக்கும்போது
பக்கத்தில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்,
"என்னளா, ஆத்துக்குக் காய்ச்சலா?"
"ஆமாக்கா."
"எம்புட்டு?"
"முப்பது புள்ளி நாலு."
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.
புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.
"இருக்கும்" என்றுவிட்டுப் போர்வையை முறுக்கினாள்.

மடியில் கப்பல் நோட்டு. பாதிப் பக்கங்கள் மீதி.
தேதி. இடம்: குறுக்குத்துறை.
நிறம்: பாசிப்பச்சை, சோப்பு நுரை.
கடைசிக் கட்டம் பனி மூட்டம்,
பத்துக்கு எத்தனை பங்கு என்று குறிக்கணும்.
அதை வெறுமனே விடக்கூடாது,
பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்
என்பது கப்பல் விதி.
நிமிர்ந்து, இக்கரையிலிருந்து அக்கரை வரை
முழுக்கப் பார்த்துவிட்டு
எழுதுகிறேன்:
பத்தில் சைபர்.